கண்ணில் படாத டாக்டர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். ஆண் பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லுங்கள்.

என் நாத்தனாருக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. போன வருடம் திடீரென்று இரண்டு நாள் லேசாக இரத்தம் பட்டது. "உடம்புச் சூடா இருக்கும் அண்ணி" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பட்டது. டாக்டரிடம் அழைத்துப் போனோம். கர்ப்பப்பையின் உள்சவ்வில் துளி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். 'சவ்வு தடித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை' என்கிற மாதிரி ரிப்போர்ட் வந்தது. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த டாக்டரம்மா, "எதுக்கும் ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிட்டு மெடிக்கல் காலேஜுக்குப் போங்க. அங்கே கர்ப்பப்பை, சினைப்பை சதையை மட்டுமே பார்க்கிற பேத்தாலஜி டாக்டர் இருக்காங்க" என்றார்.

பேத்தாலஜி என்றால் இரத்தம், சிறுநீர் பரிசோதனை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அங்கே ஓர் இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். எடுத்த சதையை முதலில் ஃபார்மலினில் ஊறவைப்பார்கள். பிறகு நீரை நீக்கி மெழுகுக்குள் பதிப்பார்கள். அந்த மெழுகுக் கட்டிதான் பிளாக். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் நாலைந்து பங்கு கனத்துக்கு அதைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். அதன் பிறகே மைக்ராஸ்கோப். ரிப்போர்ட் வர ஏன் நாட்கள் ஆகின்றன என்று அப்போதுதான் புரிந்தது.

அதே பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்தார்கள். செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுக்கு முந்தைய நிலை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தோம். அதையும் அதே துறையில் பார்த்ததில், ஓரிடத்தில் சிறிதாகப் புற்று ஆரம்பித்திருந்தது, தசைக்குள் இறங்கவில்லை. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. இப்போது நலமாக இருக்கிறாள். அவளே, "பேர் போடாம எழுதுங்க அண்ணி, நாலு பேருக்கு உதவும்" என்றாள்.

இந்தத் துறையைப் பற்றி அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1890-களிலேயே தாமஸ் கல்லன் என்ற டாக்டர் மகளிர் நோய்களுக்கென்றே மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்தவர். கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றி 1900-இல் பெரிய நூலே எழுதினார்.

1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுடன் அதே மருத்துவமனைக்கு வந்தார். அவரைக் கேட்காமலே எடுத்து வளர்த்த செல்கள்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்குப் பயன்படும் ஹீலா செல்கள். அந்த வருடமே, 31 வயதில் இறந்துபோனார். இருபது வருடம் கழித்து அவருடைய ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தபோது, முதலில் எழுதிய வகைப் புற்று அல்ல, சுரப்பிச் செல்லில் தோன்றும் வேறு வகை என்று தெரிந்தது. அன்று அளித்த சிகிச்சை அதனால் மாறியிருக்காதாம். ஆனாலும் ஸ்லைடு பத்திரமாக இருந்ததால்தானே உண்மை தெரிந்தது!

ஆசிரியர் மொழியில் சொன்னால் இது மறுமதிப்பீடு. விடைத்தாள் கையில் இருந்தால்தான் மறுமதிப்பீடு நடக்கும். முதலில் திருத்தியவர் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. கண்ணுக்குத் தெரியாத துளியைப் பார்த்துச் சொல்வது லேசான வேலையா? அதையே தினமும் பார்க்கும் கண் ஒன்று இன்னொரு முறை பார்ப்பது நல்லது, அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளைகளே, மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் புற்றாக இருக்காது. ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது. பயாப்சி எடுத்தால் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும் பிளாக்கையும் தயங்காமல் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற அம்மாக்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்