மெர்லின் வராதிருந்தால்

சி. எஸ். லூயிஸ் 1945-இல் வெளியிட்ட ‘தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்’ என்னும் புதினம் எந்த வகைக்குள்ளும் அடங்க மறுக்கிறது. விண்வெளிக் கதை வரிசையில் அது மூன்றாவது நூல். ஆனால் அதில் விண்கலம் எதுவும் புறப்படுவதில்லை. கல்லூரி ஆசிரியர்களின் பூசலில் கதை தொடங்குகிறது. நடுவே ஆர்தர் மன்னர் காலத்து மந்திரவாதி மெர்லின் நிலத்தடியிலிருந்து துயிலெழுகிறார். வளர்ந்தோருக்கான தேவதைக் கதை என்று ஆசிரியரே அதற்குப் பெயரிட்டுவிட்டார்.

நாயகன் மார்க் ஸ்டடக் இளம் சமூகவியலாளன். கொடியவன் அல்லன், பெரியவர்களின் உள்வட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஏங்குபவன். அந்த ஏக்கமே அவனை ‘நைஸ்’ என்னும் ஆய்வு நிறுவனத்துக்கு இழுத்துச் செல்கிறது. இன்னும் நிகழாத கலவரத்தைப் பற்றி நாளிதழ்களுக்கு முன்கூட்டியே செய்தி எழுதித் தருமாறு அங்கே கேட்கிறார்கள். சிரிப்பும் பேச்சுமாகக் கழியும் அவ்வேளையில் எழுதியும் தந்துவிடுகிறான். குற்றத்தின் வாசலைத் தாண்டியதை அவன் உணரவேயில்லை. அலுவலகம், சங்கம், ஏன், பங்குப் பேரவை வரை பழகிய நமக்கு இப்பக்கங்கள் சற்றே உறுத்துகின்றன.

பின்னர், மனிதப் பற்றுகளைக் களையும் பயிற்சி என்று சொல்லி, தரையில் கிடத்திய பாடுபட்ட சுரூபத்தை மிதிக்கச் சொல்கிறார்கள். மார்க்கிடம் விசுவாசம் இல்லை. அது வெறும் உருவம் என்றே அவன் அறிவு சொல்கிறது. ஆயினும் ஆதரவற்றுக் கிடக்கும் அவ்வுருவத்தின்மேல் கால் வைக்க மனம் ஒப்பவில்லை. என்ன நேருமோ என்று அறியாமலே மறுத்துவிடுகிறான். நாம் படித்த புனிதர் வரலாறுகள் சிலவற்றைக் காட்டிலும் இந்த மறுப்பு நம்மை அசைத்தது.

அந்தக் கணத்திலா கதவு திறக்க வேண்டும்! குருவின் வேடத்தில் மெர்லின் உள்ளே வருகிறார். மறுத்தவனிடம் அதற்குரிய விலை கேட்கப்படாமலே போகிறது. அடுத்து விருந்து; பேசுவோரின் மொழி குழம்புகிறது, விலங்குகள் கட்டவிழ்ந்து பாய்கின்றன, மார்க்கை மெர்லினே வெளியே தள்ளிக் காப்பாற்றுகிறார்.

அற்புதங்கள் இல்லாதிருந்தால் நூல் மேலும் வலுப்பெற்றிருக்கும் என்று ஜார்ஜ் ஆர்வெல் அவ்வாண்டே மதிப்புரை எழுதினார். நாம் முழுவதும் உடன்படவில்லை. பொய்ச் செய்தியால் வாழ்ந்தவர்களுக்குப் பாபேலின் தண்டனை பொருத்தமே. அதைப் படிக்கையில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி எழத்தான் செய்தது. ஆனால் சுரூபத்தின் முன் நின்ற மார்க்குக்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை. அந்த அறையில் அவனை இன்னும் சிறிது நேரம் தனியே நிற்க விட்டிருக்கலாம்.