ஒரு கைத்தொலைபேசியின் விலை

"சேர், எந்தப் போன் வாங்கினால் நல்லது? எனக்கு ஒண்டும் விளங்காது. நீங்கள் சொல்லுறதை வாங்குவம்."

2020ஆம் ஆண்டு நவம்பர் மாத முற்பகுதியில், பூட்டிக் கிடந்த எமது பாடசாலையின் வாயிலில் நின்று ஒரு தாய் என்னிடம் இவ்வாறு கேட்டார். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடுவதும் புல்லுப் பிடுங்குவதும் அவரது தொழில். அப்போது அவர் பெற்ற நாட்கூலி 800 ரூபா. அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். கொரோனாத் தொற்றுக் காரணமாக மார்ச் மாதத்தில் மூடப்பட்ட பாடசாலைகள், இடையிற் சில காலம் திறந்திருந்து, ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டிருந்தன. பாடங்கள் வாட்ஸ்அப் வழியே சென்றுகொண்டிருந்தன. போன் இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு, எப்படியாவது ஒன்றை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லியனுப்பிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லிவிட்டேன். அதற்கு முதல் வாரந்தான், 30,000 ரூபாவுக்குள் வாங்கத்தக்க சிறந்த போன்கள் என்றொரு பட்டியலை எனது திரையில் வாசித்திருந்தேன். கமராவின் திறன், நினைவகத்தின் அளவு, திரையின் அகலம் என எல்லாம் எண்களாக நிரையிடப்பட்டிருந்தன. முதலில் இருந்த பெயரைச் சொன்னேன். அவரும் நன்றி கூறிச் சென்றார். அந்த விடை எவ்வளவு பொறுப்பற்றது என்பதை உணர எனக்கு ஒன்றரை வருடம் தேவைப்பட்டது.

கணக்கை முதலிற் சொல்லிவிடுகிறேன். கையிற் காசு கொடுத்தால் அந்தப் போனின் விலை 28,000 ரூபா. அவரிடம் அவ்வளவு இல்லை. ஆகவே கட்டுக்காசு 5,000 ரூபாவும், மாதம் 2,650 ரூபா வீதம் பன்னிரண்டு தவணைகளும் எனத் தீர்மானமாயிற்று. மொத்தம் 36,800 ரூபா. அவருடைய நாட்கூலியால் வகுத்துப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் உழைப்பு. அதில் பதினொரு நாள் உழைப்பு, கையிற் காசில்லாத குற்றத்துக்காக அவர் செலுத்திய தண்டம். வசதியுள்ளவன் முப்பத்தைந்து நாட் கூலிக்கு ஈடாகப் பெறும் பொருளை வறியவர் நாற்பத்தாறு நாட் கூலிக்குப் பெறுகிறார். ஏழைக்கு மலிவாகக் கிடைப்பது என்று சொல்லப்படும் பொருள் உண்மையில் அவருக்கே அதிக விலைக்கு விற்கப்படுகிறது.

மின்சாரப் பொருட்களுக்கும் எங்கள் மண்ணுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து விவசாயி மிளகாயிலும் வெங்காயத்திலும் நாலு காசு கண்டான். 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. அந்தக் கதவால் யப்பானிய றேடியோக்களும் கசற் பெட்டிகளும் வந்தன. அதே கதவால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்தன. எனது பாட்டனார் ஒரு நஷனல் பனசொனிக் றேடியோவை வாங்கி வந்த கதையையும், தோட்டத்தில் மிளகாய் விலை விழுந்த கதையையும் ஒரே மூச்சில் சொல்லுவார். பெட்டி வீட்டுக்குள் வந்தது. அதனை வாங்கும் வலிமை தோட்டத்தை விட்டுப் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொருளியலறிவு அந்த ஏழாம் வகுப்புப் படித்த மனிதரிடம் இருந்தது.

அதே றேடியோவின் இன்னொரு கோலத்தை நான் என் கண்களாற் கண்டேன். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. நான் அறிவறிந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கே எங்கள் வீட்டின் வெளிச்சம். இரவானதும் தந்தையார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வயர்கள் றேடியோவுக்குச் செல்லும். நான்கு பற்றறிகள் இடும் றேடியோவுக்கு வேண்டியது 6 வோல்ற். சைக்கிள் டைனமோ தருவதும் 6 வோல்ற். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இடையில் டயோட் வேண்டும் என்பதை, விஞ்ஞானப் பாடத்தில் நான் படிப்பதற்கு முன்னரே எங்கள் அயலிற் பலரும் அறிந்திருந்தனர். பெடலைக் கையாற் சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் தமிழோசைச் செய்தியாளரின் குரலும் தளரும். "சுத்தடா தம்பி, சண்டை எங்கையெண்டு சொல்லப் போறான்" என்று படலையடியில் நிற்கும் அயலவர்கள் குரல் கொடுப்பார்கள்.

அந்த நாட்களைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகத்துக்குப் பற்றறியை மறுப்பது கொடுமை. அந்தக் கொடுமையைப் புகழ்பாடி அழகாக்குவது இன்னொரு கொடுமை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்த றேடியோவும் எங்களோடு வந்து எங்கோ ஒரு தாழ்வாரத்தில் தொலைந்துபோயிற்று. நான் சொல்ல வருவது வேறொன்று. அன்று எங்கள் வீட்டில் இருந்த ஒரேயொரு மின்பொருளைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தோம். அது என்ன உண்கிறது, எங்கே பழுதடையும், யார் திருத்துவார் என்பதெல்லாம் தெரியும். அது எங்கள் அறிவுக்கும் அயலவரின் அறிவுக்கும் உட்பட்டிருந்தது. ஒரு வீட்டு றேடியோ பத்து வீட்டுக்குச் செய்தி சொன்னது.

2009இல் யுத்தம் முடிந்து ஏ-9 வீதி வழியே பொருட்கள் வரத் தொடங்கின. வங்கிகளும் தவணைக்கடன் நிறுவனங்களும் கூடவே வந்தன. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் கட்டுக்காசுக்குக் கிடைத்தன. நெடுங்காலம் இல்லாமையில் வாடிய மக்கள் அவற்றை விரும்பியதில் தவறில்லை. உடுப்புத் தோய்த்தே கை தேய்ந்த ஒரு தாய்க்குச் சலவை இயந்திரம் ஆடம்பரமன்று. ஆனால் பொருள் வந்த வேகத்தில் அதைப் பற்றிய அறிவு வரவில்லை. அறிவு வரவேண்டிய இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வாசித்த பட்டியலும் அந்த வகையினதே. அத்தகைய பட்டியல்கள் பல, தாம் காட்டும் இணைப்பால் ஒரு பொருள் விற்கப்பட்டால் அதில் தரகு பெறுகின்றன. தரகன் சொல்லும் அறிவுரையை ஆசிரியன் வாய்வழியே அந்தத் தாய் கேட்டார்.

பின்னர் நடந்ததற்கு வருகிறேன். 2021 யூலையிலிருந்து ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிநின்றன. அந்தப் போராட்டம் நியாயமானது. நானும் அதில் நின்றேன். ஆனால் பாடம் நின்ற அந்த மாதங்களிலும் அந்தத் தாயின் தவணை நிற்கவில்லை. இந்த உண்மையை எங்கள் கூட்டங்களில் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை; நானும் பேசவில்லை.

நவம்பரில் தவணை முடிந்தது. அதே மாதத்தில் ஒரு வருட உத்தரவாதமும் முடிந்தது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தபோது, போனின் பற்றறி வீங்கித் திரையைத் தள்ளியது. பையன் அதைக் கடதாசியிற் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான். குறிப்புகள் யாவும் அதற்குள். யாழ் நகரில் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் திறந்து பார்த்து, "இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறதில்லை சேர். வேறை ஆக்களிட்டைத் தேடி எடுத்தாலும், டொலர் விலைக்கு நீங்கள் பாதிப் போன் வாங்கலாம்" என்றார். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. நாடு முழுவதும் இருளில் கிடந்தபோது, ஒரு பிள்ளையின் பாடக்குறிப்பு ஒரு வீங்கிய பற்றறிக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது.

அன்று அந்த இளைஞரிடம் நான் கற்றவற்றை, என்னிடம் கேட்கும் பெற்றோர் அனைவருக்கும் இன்று சொல்கிறேன்.

கமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தப் போனுக்குப் பாதுகாப்பு மென்பொருள் எத்தனை வருடம் வரும் என்று கேளுங்கள். அது நின்றபின் கருவி உயிரோடிருந்தாலும் ஒவ்வொரு செயலியாக அதைக் கைவிடும். 2023இல் கூகுளும் 2024இல் சம்சுங்கும் தமது விலையுயர்ந்த மொடல்களுக்கு ஏழு வருடம் என அறிவித்தன. மலிவு மொடல்கள் பலவற்றுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வருடங்களே. அண்மையில் சில மலிவு மொடல்களுக்கும் காலம் நீட்டப்படுகிறது; ஆகவே கேட்டறிவதாற் பயனுண்டு. செல்வனின் கருவிக்கு நீண்ட ஆயுளும் வறியவனின் கருவிக்குக் குறுகிய ஆயுளும் தொழிற்சாலையிலேயே எழுதப்படுகின்றன.

உத்தரவாதம் யாருடையது என்று கேளுங்கள். இறக்குமதி முகவரின் உத்தரவாதம் வேறு, கடைக்காரரின் உத்தரவாதம் வேறு. பற்றறிக்கு எத்தனை மாதம் என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டுக் கேட்பது சண்டித்தனமன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தந்த உரிமை. முறைப்பாட்டுக்கான தொலைபேசி இலக்கம் 1977. போனின் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதிவானதா என்று வாங்குமுன் அறியலாம்.

மாதத் தவணையைக் கேட்டு மகிழாமல், மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். வீட்டுப் பொருளானால் உவாற்று எண்ணையும் பாருங்கள். 75 உவாற்று மின்விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு இருபத்திரண்டரை அலகு. 30 உவாற்று விசிறிக்கு ஒன்பது அலகு. அலகு ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறும் எங்கள் நாட்டில், 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் உயர்ந்த மின்கட்டணத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கடையில் மலிவானது மின்பட்டியலில் மாதந்தோறும் பழிவாங்கும்.

இவையெல்லாம் நல்ல அறிவுரைகளே. ஆயினும் இவற்றோடு நிறுத்தினால் நானும் அந்தப் பட்டியல் எழுதியவனுக்கு அண்ணனாகிவிடுவேன். ஏனெனில், "எந்தப் போன் நல்லது" என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. பிள்ளை படிப்பதற்கு அந்தத் தாய் ஏன் போன் வாங்க வேண்டும்? 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல் இலவசம். அந்த உரிமையின் வாயிலில், 2020இல் எவரும் சட்டம் இயற்றாமலே 28,000 ரூபா நுழைவுச்சீட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதை வைத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். பெற்றோருக்குச் சொல்லியனுப்பிய கை என்னுடையது.

பொருள் விரைவில் அழிய வேண்டும் என்ற ஏற்பாடும் இயற்கையின் விதியன்று. 1924இன் இறுதியில் ஜெனீவாவிற் கூடிய மின்குமிழ்க் கொம்பனிகள், குமிழின் ஆயுளை ஆயிரம் மணித்தியாலத்துக்குக் குறைக்கத் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். 2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மொடலின் விற்பனை நின்றபின்னும் ஏழு வருடங்களுக்கு உதிரிப்பாகம் வழங்க வேண்டும் எனக் கைத்தொலைபேசி உற்பத்தியாளர்கள் கட்டாயப்படுத்தப்பட்டுள்ளனர். அங்குள்ள நுகர்வோருக்குக் கிடைத்த அந்த உரிமை, வெங்காயத் தோட்டத்துத் தாய்க்கு ஏன் கிடைக்கலாகாது?

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வைத்திய வசதியற்றிருந்த கிராமத்து மக்கள் முப்பதுகளில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கண்ட மண் இது. நோய்க்குக் கூட்டுறவு கண்டவர்கள் கருவிக்கும் காணலாம். எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாகக் கொள்வனவு செய்து, வட்டியின்றித் தவணைக்குக் கொடுத்து, கூடவே ஒரு பழுதுபார்க்கும் மேசையையும் வைத்தால், யாழ் நகரில் நான் கண்ட அந்த இளைஞரைப் போன்றோருக்குத் தொழிலும் கிடைக்கும்; பதினொரு நாட்கூலியும் மிஞ்சும்.

அந்தப் பையன் நண்பர்களின் கொப்பிகளைப் பார்த்துப் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியெய்தினான். செத்த போனை அந்தத் தாய் இன்றும் எறியவில்லை. அலுமாரியில் நகைப்பெட்டி இருந்த இடத்தில் வைத்திருக்கிறார். ஆபத்தான பற்றறியை மட்டும் கழற்றிவித்தேன். அண்மையில் இளைய மகளுக்காக அவர் மீண்டும் என்னிடம் வந்தார். "இந்த முறை எந்தப் போன் சேர்?" என்றார்.

"அவசரப்பட வேண்டாம் அம்மா. சங்கக் கடைக்கு நாளைக்கு நானும் வாறன். எங்கடை வகுப்பிலை இன்னும் பதினொரு பிள்ளையளுக்குப் போன் இல்லை. அந்தத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேப்பம்" என்றேன்.