நூறு பேர் சுழற்றிய கைப்பிடி

காந்தியடிகள் நடக்கிற பழைய செய்திப் படம் ஒன்றைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினால், அவர்கள் முதலில் கேட்பது உப்பைப் பற்றியோ ராட்டையைப் பற்றியோ இராது. 'தாத்தா ஏன் இப்படி ஓடுகிறார்?' என்பதாகத்தான் இருக்கும். அவர் விரைந்து நடப்பவர் என்று பெரியவர்கள் விடை சொல்லிவிடுகிறார்கள். அது மெய்யே. ஆயினும் அந்தப் படத்துண்டையே மறுமுறை நிதானமாகப் பார்ப்போமானால், அடிகளுக்குப் பின்னால் வருகிற ஜனத்திரளும், ஓரமாய்ப் போகும் மாட்டு வண்டியும், தலைப்பாகையைச் சரிசெய்துகொள்ளும் வண்டிக்காரனுடைய கையும், கம்பத்தில் பறக்கிற கொடியுங்கூட அதே விரைவில் இயங்குவதைக் காணலாம்.

இதன் காரணத்தை எனக்கு விளங்கவைத்தவர், கோடம்பாக்கத்து லாபரட்டரி ஒன்றில் நெகட்டிவ் வெட்டி ஒட்டும் வேலையை வெகுகாலம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். அவருடைய வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரமாக இருந்த மேஜையின் இரு முனைகளிலும் பிலிம் சுற்றும் ரீவைண்டர் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. நடுவே மேஜைப் பலகையைச் சதுரமாக அறுத்து, பால் நிறக் கண்ணாடி பதித்து, அதன் கீழே ஒரு பல்பு எரிய வைத்திருந்தார். வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்துகொண்டு, நான் கேட்டதற்காக ஒரு பழைய மௌனப் படத்துண்டை அந்தக் கண்ணாடியின்மேல் விரித்து, இரு விளிம்புகளை மாத்திரம் பற்றியவாறு, "எண்ணிப் பாருங்க தம்பி, ஒரு அடிக்குப் பதினாறு பிரேம்" என்றார். எண்ணினேன், பதினாறுதான். "பேசற படம் வினாடிக்கு இருபத்து நாலு பிரேம் ஓடும். பேசாத படத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. காமிராவுக்கு மோட்டார் ஏது? கைதான் மோட்டார். பிடியை ஒரு சுத்துச் சுத்தினா எட்டுப் பிரேம். வினாடிக்கு ரெண்டு சுத்து. கை தவறக் கூடாதுன்னு மனசுக்குள்ளே ஒரு பாட்டைப் பாடிக்கிட்டே சுத்துவாங்களாம்" என்று சொல்லிவிட்டு, தாமே காமிராவின் பின்னால் நிற்பவரைப் போல வலக்கையை வயிற்றுக்கு நேரே வைத்துச் சுழற்றிக் காட்டினார். முதுமையால் வேறு காரியங்களில் சற்றே நடுங்கிய அந்தக் கை, சுழற்றும்போது இம்மியும் பிசகவில்லை.

வினாடிக்குப் பதினாறு பிரேமாக எடுத்ததை இருபத்து நாலாக ஓட்டினால், ஒன்றரை மடங்கு வேகம் கூடிவிடுகிறது. அடிகளும் மாடும் கொடியும் ஓடுவது இதனால்தான். இதைத் திருத்த வேண்டுமானால், இரண்டு பிரேமுக்கு ஒன்றை இருமுறை அச்சிட்டு, இரண்டை மூன்றாக்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு: எல்லாரும் கணக்காகப் பதினாறு சுற்றியவர்கள் அல்லர். வெயிலில் நின்று களைத்தவன் பதினாலாகவும், பரபரப்படைந்தவன் இருபதாகவும் சுற்றியிருப்பான். "பிலிமைப் பார்த்தா எடுத்தவன் நிதானக்காரனா, அவசரக்காரனான்னு சொல்லிடலாம். பேர் மட்டும் தெரியாது" என்றார் அந்தப் பெரியவர்.

பேர் மட்டும் தெரியாது என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் ஏ. கே. செட்டியாரின் நினைவு எனக்கு எழுந்தது. உலகத்தின் பல மூலைகளில் நூறு காமிராக்காரர்கள் முப்பது வருஷ காலத்தில் எடுத்துப் போட்டிருந்த காந்தியடிகளின் படத்துண்டுகளைத் தேடி, ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து, 50,000 அடி பிலிம் சேகரித்து, அதை 12,000 அடியாகச் சுருக்கி, 1940-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி சென்னை ராக்ஸி தியேட்டரில் தமிழ் விளக்கவுரையோடு திரையிட்டவர் அவர். கோட்டையூரில் 1911-ல் பிறந்து, ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படப்பிடிப்புக் கலை பயின்ற அவருக்கு, 1937-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கையில், இப்படி ஒரு படம் எடுக்க வேண்டுமென்ற எண்ணம் உதித்தது. அன்று காந்தி ஜயந்தி. அவருக்கோ இருபத்தாறு வயது நிரம்பவில்லை.

அந்த வயதையும் அந்தக் காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறபொழுது எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை. செய்திப் படங்கள் முக்கியக் கதைப்படத்துக்கு முன்னால் சில நிமிஷம் ஓட்டி, பிறகு கழித்துப் போடப்படுகிற சரக்காக மதிக்கப்பட்ட நாட்கள் அவை. அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் தோன்றுவதற்கு இன்னும் பத்து வருஷங்களுக்குமேல் இருந்தன. பாட்டும் கூத்தும் நட்சத்திரமும் இல்லாத படத்துக்கு முதல் போடுகிறவரோ, கொட்டகை தருகிறவரோ எளிதில் அகப்படமாட்டார்கள். அவர் டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்று ஒரு கம்பெனியை அமைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். தண்டி யாத்திரையைப் படமெடுத்த சுதேசிக் கம்பெனிகளின் படங்களை அன்னிய அரசாங்கம் தடை செய்திருந்ததால், நம் நாட்டிலே எடுத்தவை நம் நாட்டிலேயே வெளிச்சத்துக்கு வரமுடியாமல் கிடந்தன. வெளிநாட்டார் எடுத்தவையோ அவர்களுடைய ஊர்களில் பெட்டி பெட்டியாக அடைபட்டிருந்தன. போதாக்குறைக்கு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது.

சுதந்திரமாகத் தொழில் நடத்துகிற ஆவணப் படத் தயாரிப்பாளரின் வாழ்க்கையைப் பற்றி நினைக்கும்போது, காமிராவைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறுகிற காட்சியே நம் மனக்கண்முன் வருகிறது. உள்ளபடி அவர்களுடைய ஆயுளில் பெரும்பகுதி கடிதம் எழுதுவதிலும், பதிலுக்குக் காத்திருப்பதிலும், அன்னியர் ஆபீசுகளில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, தாம் கேட்பது இன்னதென்று முதலிலிருந்து விளக்குவதிலுமே கழிகிறது. செய்திப் படச் சாலைகளில் தேதிவாரியாக அட்டைக் குறிப்புகள் இருக்கும்; தேதி சரியாகத் தெரியாதவனுக்கு அவற்றால் பிரயோஜனமில்லை. தேடியது கிடைத்தாலும், அடிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, மூலத்திலிருந்து எடுக்கப்பட்ட இரண்டாம் நெகட்டிவைத்தான் பெறலாம். அதிலிருந்து அச்சிடும்போது முகத்தின் நிழல்கள் சற்றே கறுத்து, கதர் வேஷ்டியின் மடிப்புகள் வெளுத்து ஒன்றாகிவிடும். கீறல் விழுந்த பத்து வினாடிக் காட்சிக்காக ஒரு சமுத்திரத்தைக் கடந்து செல்கிறவனுடைய சிரத்தையை, தன் காமிராவினால் தானே அழகாக எடுக்கிறவனுடைய சாமர்த்தியத்துக்கு ஒரு படி மேலாகவே நான் வைக்கிறேன்.

இப்படிச் சேர்ந்த துண்டுகளைத் தொகுக்கும் வேலையில் பம்பாயில் டாக்டர் பி. வி. பதி துணையாக இருந்தார், டி. கே. பட்டம்மாளின் குரலும் படத்தில் இடம்பெற்றது. வெளியான சிறிது காலத்துக்குப் பிறகு, படம் சர்க்காரின் கையில் சிக்கிவிடக்கூடும் என்ற அச்சத்தினால் பிரதிகளை மறைத்து வைக்க நேர்ந்தது. 1947 ஆகஸ்டில் ஹிந்தி விளக்கத்தோடு டில்லியில் மறுபடியும் அது திரைக்கு வந்தது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பெற்றது. படத்தின் நாயகருக்கோ சினிமாவில் சற்றும் பற்றுதல் கிடையாது. ஆசிரமத்தில் தம்மைப் படம்பிடிக்க விரும்பிய உறவினர் கனு காந்திக்கு அவர் விதித்த நிபந்தனைகள் மூன்று: பளிச்சென்று விளக்குப் போடக் கூடாது, தம்மை நிற்கவோ திரும்பவோ சொல்லக் கூடாது, ஆசிரமத்திலிருந்து பணம் கேட்கக் கூடாது. ஆவணப் படக்காரர்களுக்கு இவற்றைவிடச் சிறந்த இலக்கண சூத்திரத்தை எந்தக் கலாசாலையும் வகுத்துத் தரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

செட்டியாரை அவருடைய இன்னொரு வேலையோடு பொருத்திப் பார்க்கும்போது அவரை நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது. 1943-ல் தொடங்கி, இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 1983-ல் அவர் மறைகிற வரையில் 'குமரி மலர்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதன் இதழ்கள் சிலவற்றை நூலகமொன்றில் ஒருசேரப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் என்னைத் தடுத்து நிறுத்தியவை, பழைய பத்திரிகைகளிலும் மறந்துபோன சிறு வெளியீடுகளிலும் புதைந்து கிடந்தவற்றைத் தேடியெடுத்து அவர் மறுபடியும் அச்சிட்டிருந்த கட்டுரைகளும், குறிப்புகளும், விளம்பரங்களுமே. எழுதியவர் பெயரும், வெளிவந்த பத்திரிகையும், வருஷமும் முறையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். கண்டெடுத்தவருடைய குரல் எங்கேயும் ஓங்கி ஒலிக்காது. படத்திலே நூறு பேருடைய கைகளைச் சேர்த்தவரே பத்திரிகையிலும் பலருடைய எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற தம் புத்தகத்தின் பெயரே தமக்குப் பட்டமாக அமைந்துவிட்ட பின்னரும், தம்மைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு இருந்த கூச்சம் மாறவில்லை. தம்முடைய குரலால் படத்தை நிரப்பிக்கொள்கிற தயாரிப்பாளர்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில், இந்த அடக்கத்தை ஒரு தொழில் தர்மமாகவே போற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு தேடிச் சேர்த்தவருடைய படத்தையே பிற்காலத்தார் தேட வேண்டி வந்தது. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி முயன்று தேடியதன் பயனாக, 1953-ஆம் வருஷத்து ஆங்கில வடிவத்தின் பிரதியொன்று ஸான்பிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. அது 1940-ல் ராக்ஸியில் நம்மவர்கள் கண்ட தமிழ்ப் படம் ஆகாது. அந்த விளக்கவுரையின் தமிழை நாம் கேட்கவில்லை. அக்காலத்து பிலிம் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. ஒருமுறை தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாமல் எரிகிற சுபாவம் உடையது. தீக்குத் தப்பினாலும், புழுக்கமான அறையில் வைத்திருந்தால் முதலில் பிசுபிசுத்து, பிறகு கட்டியாகி, முடிவில் பழுப்புப் பொடியாக உதிர்ந்துவிடும். புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-ல்தான். அங்கேயும், 2003-ஆம் வருஷ ஆரம்பத்தில் நிகழ்ந்த தீ விபத்தில், பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக அழிந்தன.

செட்டியாரின் படத்துக்குப் பின்னர், 1968-ல் விட்டல்பாய் ஜவேரி என்பவர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய காந்திப் படத்தை உருவாக்கினார். அதற்கு காந்தி ஸ்மாரக நிதியின் ஆதரவு இருந்தது. இப்போது ஒவ்வோர் அக்டோபரிலும் ஜனவரியிலும் தொலைக்காட்சிகளில் அடிகள் விரைந்து நடக்கிறார். எந்த ஊரில், எந்த வருஷத்தில், யார் எடுத்தது என்ற ஒரு வரி அடியில் ஓடுவதை நான் கண்டதில்லை. அந்த ஒரு வரியைப் போடுவதற்குப் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது.

பேசும் படத்தின் வேகத்தில் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். 12,000 அடி என்பது இரண்டேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. செட்டியார் சேகரித்து, படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய 38,000 அடியோ ஏழு மணி நேரத்துக்கு வரும். ஒரே காட்சியை இருவர் எடுத்ததில் விலக்கப்பட்ட ஒன்று, கூட்டத்தில் ஒருவன் குறுக்கே வந்து மறைத்துவிட்டது, கைப்பிடி சுழற்றியவன் அவசரப்பட்டதனால் பயன்படாமற் போனது, அடிகள் வருவதற்கு முன்னால் மேடையைத் துடைப்பத்தால் பெருக்குகிறவனை மாத்திரம் காட்டுவது என்று அவற்றில் எத்தனையோ இருந்திருக்கும். எனக்கு எதைப் பார்க்க வேண்டுமென்று யாராவது கேட்டால், அந்த ஏழு மணி நேரத்தைத்தான் கேட்பேன். அதிலும் வேகத்தைத் திருத்தாமல், ஒவ்வொருவரும் சுழற்றிய கதியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுவேன்.