நடுத் தளம், ஜன்னல் பக்கம்

செம்பூர் வீட்டின் சாப்பாட்டு மேஜை மீது 2023 நவம்பரில் ஒரு கப்பலின் தள வரைபடம் விரிந்து கிடந்தது. மும்பையிலிருந்து கோவா போகும் உல்லாசக் கப்பல். போகிறவர்கள் ஆறு பேர்: 82 வயதுப் பெரியவர், அவருடைய தங்கை, மகன், மருமகள், கல்லூரிக்குப் போகும் பேத்தி, 11 வயதுப் பேரன். கணக்குப் போட்டவர் மகன். வங்கி அதிகாரி. நாலு பேருக்கு ஜன்னல் வைத்த கேபின் ஒன்று. பெரியவர்கள் இருவருக்கும் உட்புறக் கேபின். அதில் ஜன்னல் கிடையாது, விலை குறைவு. "தூங்கத்தானே போறாங்க" என்றார்.

கப்பல் கட்டணம் ஓட்டல் வாடகை மாதிரி அல்ல. அறைக்கு இல்லை, ஆளுக்கு. முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கை. ரயில் பெர்த் போல ஏணி பிடித்து ஏற வேண்டும். நாலு பேராக அடைந்துகொள்ளும் குடும்பங்களுக்குக் குளியலறை ஒன்றுதான் என்பது காலையில்தான் உறைக்கும்.

மருமகள் ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு மாமா எழுந்தா?"

பெரியவருக்கு ஓராண்டாக மறதி. அதற்கு முந்தைய மாதம் நள்ளிரவில் கதவைத் திறந்து லிஃப்டில் இறங்கி, வாட்ச்மேனிடம் பஸ் எப்போது என்று கேட்டிருந்தார். தங்கையோ காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குபவர். உட்புறக் கேபினில் விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். பேத்தி ஆசைப்பட்ட பால்கனியும் இதே காரணத்தால் அடிபட்டது.

"அப்பாவை நோயாளி ஆக்காதே" என்றார் மகன், சற்று உரக்கவே. அதுவரை டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டு வந்தவரும் அவர்தான்.

பேச்சு கேட்டு வந்த பெரியவர் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். விரலை அதன் நடுவில் வைத்தார். "இங்க எடு. முன்னாலயும் பின்னாலயும் தூக்கிப் போடும்."

காலையில் சாப்பிட்டது அவருக்கு நினைவில்லை. 1953இல் நாகப்பட்டினத்தில் படகேறிப் போய், கடலில் நங்கூரமிட்டு நின்ற ரஜூலா கப்பலைப் பிடித்தது நினைவிருக்கிறது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களைச் சுமந்தது. டெக் பயணிகளுக்கு ஏது கேபின்? பாய், டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். பினாங்கில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க, 12 வயதில், அம்மாவுடன் போனவர் அவர்.

அவர் சொன்னது சரி. அலையில் கப்பல் சீசா பலகை போல ஆடும்; நடுவிலும் கீழ்த் தளங்களிலும் ஆட்டம் குறைவு. பின்பக்கத்தில் இயந்திர அதிர்வு, முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலிச் சத்தம். தலைக்கு மேல் இன்னொரு கேபின் இருப்பதே நல்லது. சாப்பாட்டுக் கூடமோ நீச்சல் குளமோ இருந்தால் விடியுமுன்பே நாற்காலி இழுபடும். ஜன்னலை மறைத்து உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபின் எண்ணைப் பிறகு தருகிறோம் என்று மலிவாக விற்பார்கள். தனி ஆளுக்குச் சரி. சேர்ந்து போகிறவர்களை அது ஆளுக்கொரு மூலையில் தள்ளிவிடும்.

கடைசியில் நடுப்பகுதியில், கீழ்த் தளம் ஒன்றில், அடுத்தடுத்து இரண்டு ஜன்னல் கேபின்கள். ஒன்றில் ஆண்கள், ஒன்றில் பெண்கள். ஆளுக்கு மூன்று பேர் என்றாலும் முழுக் கட்டணம் அதே நாலு பேருக்குத்தான். கூடியது ஜன்னலின் விலை மட்டும். இடையில் ஒரு கதவு. அத்தகைய கதவு வழியே பக்கத்துச் சத்தம் கேட்கும் என்று எல்லோரும் குறை சொல்வார்கள். மருமகள் அதைக் கேட்டு வாங்கினார்.

டிசம்பரில் கிளம்பினார்கள். முதல் இரவே பெரியவர் எழுந்தார். மகனும் எழுந்து உட்கார்ந்தார். ஜன்னலில் தூரத்து மீன்பிடிப் படகின் விளக்கு.

"பினாங்கு தெரியுதா?"

மேல் படுக்கையிலிருந்து பேரன், "கோவா, தாத்தா" என்றான்.

மகன் அவனைக் கையமர்த்தினார். "விடிஞ்சதும் தெரியும்ப்பா. படுத்துக்குங்க."