குளிர்ந்தே ஓடிய இன்ஜின்



காரின் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறினால் எவரும் பதறி வண்டியை ஓரத்தில் நிறுத்திவிடுவர். அதே முள் அடியிலேயே கிடந்தால் ஒருவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. "இன்ஜின் நன்றாகக் குளிர்ந்து ஓடுகிறது" என்று மகிழ்கிறவர்களும் உண்டு. கடந்த சில வாரங்களாக இந்த இரண்டாவது வகைக் கோளாறைக் குறித்தே என் மனம் சிந்தித்துக்கொண்டிருக்கிறது.

சபைப் பணிக்காக நான் ஓட்டிவரும் சிறிய கார் 14 ஆண்டுகள் பழையது. நவம்பர் தொடக்கத்திலிருந்து அதன் முள் கால்பங்குக்கு மேல் ஏறவில்லை. மலை ஏறும்போது சற்று உயரும். இறக்கம் தொடங்கியதும் மறுபடி விழுந்துவிடும். பெட்ரோல் செலவு கூடியது. ஹீட்டரைத் திருகினால் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது.

குன்னூரின் குளிரில் ஹீட்டர் ஆடம்பரப் பொருளன்று. புதன்கிழமைதோறும் நம் சபையின் சகோதரர் ஒருவரை டயாலிசிஸ் சிகிச்சைக்காகச் சமவெளியிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். விடியற்காலை 4.30 மணிக்குப் புறப்பட வேண்டும். அந்நேரத்துப் பனிமூட்டத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்துவிடும். சூடான காற்று வந்தால் அது ஓரிரு நிமிடங்களில் கலைந்துவிடும். அது வராமையால் கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க, அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். சிகிச்சை முடிந்து திரும்பும்போதோ அவருக்கு உடல் நடுங்கும். இரண்டு போர்வைகள் போர்த்தினாலும் போதாது.

காரைப் பார்த்த மெக்கானிக் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது என்றார். "புதுசு எதுக்குங்க ஐயா? கழற்றிப் போட்டுட்டா ஒரு தொல்லையும் இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். நம் நாட்டில் இப்படி தெர்மோஸ்டாட்டையே அகற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது மூடியபடி சிக்கினால் இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், பெருஞ்செலவு வரும். அந்த அச்சத்தில் பிறந்த வழக்கம் என்பதால் அவரை நான் குறைகூறமாட்டேன். ஆனாலும் அந்த ஆலோசனை எனக்கு உடன்பாடாக இல்லை.

இந்தச் சிறிய கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு, அதன் நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. கூலண்ட் சூடாகும்போது மெழுகு உருகி விரிகிறது. ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. குளிர்ந்ததும் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் அதை மூடிவிடுகிறது. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் உருவாக்கிய இந்த முறையே இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் கூலண்ட் தேங்கி நிற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ரேடியேட்டருக்குப் போகாமல், பக்கவழியாக இன்ஜினுக்குள்ளேயே சுழன்று அதை விரைவில் சூடாக்குகிறது. எப்போதும் திறந்தே கிடந்தால் சேர்கிற வெப்பமெல்லாம் உடனுக்குடன் ரேடியேட்டரில் போய்விடும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணும் கம்ப்யூட்டர் எரிபொருளை அதிகமாகச் செலுத்தும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. பாகங்கள் விரைவில் தேயும். இவ்வளவும் ஒரு சத்தமுமின்றி நடக்கும்.

அந்தச் சகோதரர் நோய்வாய்ப்படுவதற்கு முன் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். நான் நிலைமையைச் சொன்னதும், "நாமே மாத்திடலாம் ஐயா, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த இடதுகையால் அவர் பாரம் தூக்கலாகாது. எனவே ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் போதகர் இல்ல முற்றத்தில் அவர் நாற்காலியில் அமர்ந்து வழிகாட்ட, ஸ்பேனர் என் கையில் இருந்தது.

வேலை தொடங்குமுன் தொழிற்சாலையின் உலர்த்தி இயந்திரத்தைப் பற்றி அவர் பேசினார். "சூடு கூடிட்டா தூள் கருகிடும் ஐயா, வாசனையே காட்டிக்கொடுத்துடும். குறைஞ்சாத்தான் ஆபத்து. தூள் பார்க்க நல்லாவே இருக்கும். குடிச்சுப் பார்க்கிறவனுக்குத்தான் அது வெந்து கெட்டுப்போச்சுன்னு தெரியும்."

லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டதை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த ஊருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள். இன்று துருக்கியின் பாமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் இடம் அதுவே. மறுபக்கம் கொலோசெ; அங்கே குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்கோ தூரத்திலிருந்து குழாய்களின் வழியே நீர் வந்தது. வெந்நீர் நோயுற்ற உடலுக்கு இதம். குளிர்நீர் தாகத்துக்கு உதவும். இரண்டுமற்றது எதற்கு என்னும் கேள்வி அவ்வூராருக்கு அன்றாட அனுபவத்திலிருந்தே விளங்கியிருக்கும். எரிந்து வீழ்ந்த ஊழியனைப் பற்றி ஊரே பேசுகிறது. மெல்லக் குளிர்ந்தவனைப் பற்றிய புகார் எந்தச் சபைக் கமிட்டிக்கும் வருவதில்லை. அவன் காணிக்கையும் தவறாது, இருக்கையும் காலியாவதில்லை.

இன்ஜின் முற்றிலும் ஆறியிருந்தது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பீறிடும். இதில் எவரும் துணிச்சல் காட்ட வேண்டாம். கூலண்டை ஒரு தட்டில் வடித்து, உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி வைத்தோம். அது இனிப்பாயிருக்கும் நஞ்சு. நாய்கள் நக்கிவிடும், குழந்தைகளும் அப்படியே. சாக்கடையிலும் ஊற்றலாகாது. பிறகு மேல் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் கையில் வந்துவிட்டது. பச்சைத் தண்ணீரைப் போல் குளிர்ந்திருந்தும் அதன் வால்வு கால் அங்குலம் திறந்தே இருந்தது.

புதியதைப் பொருத்துமுன் சோதித்தே ஆகவேண்டும் என்று தம்பி பிடிவாதமாகச் சொன்னார். சமையலறையிலிருந்து பாத்திரம் வந்தது. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாதபடி நீரில் தொங்கவிட்டு, அவருடைய பழைய வெப்பமானியையும் உடன் வைத்தோம். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆயினும் இச்சோதனைக்கு அது போதும். 70 ஆயிற்று, அசைவில்லை. 78, அப்போதும் இல்லை. "பழுதான பொருளைக் கொடுத்துவிட்டார்களோ?" என்றேன். அவர் கண்ணை எடுக்காமல், "82ன்னு அதுமேலேயே பொறிச்சிருக்கு ஐயா. அதுக்கு முன்னாடி திறந்தாத்தான் தப்பு" என்றார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு மூன்று ஆண்டுகளாகக் காத்திருப்பவர் அவர். அவர் சொன்னதை நான் விளக்கவும் இல்லை, அதிலிருந்து ஓர் ஆறுதல் மொழியை உருவாக்கவும் இல்லை. காத்திருப்பவரிடம் காத்திருத்தலைப் பற்றிப் பேசும் போதகர்கள் மிகுதி. நாங்கள் சற்றே குறைத்துக்கொள்ளலாம். 82ஐத் தாண்டியதும் வால்வு மெல்ல விலகத் தொடங்கியது. அவர் என் தோளைத் தட்டினார்.

பொருத்துவது எளிது, கவனம் இரண்டில் மட்டும் வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கியிருக்க வேண்டும். காற்று வெளியேறும் சிறிய ஊசித்துளை மேற்புறம் வரவேண்டும். மூடி அலுமினியத்தால் ஆனது. ஆகையால் போல்ட்டுகளை மாறி மாறி அளவாகவே இறுக்கினோம். புதிய ரப்பர் வளையம், கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து குடிக்கிற அவர், நான் லிட்டர் கணக்கில் ஊற்றுவதைப் பார்த்து, "இதுக்கு மட்டும் அளவே இல்லையா ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார். ஹீட்டரை முழுவதும் திருகிவைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஆறிய நிலையிலிருந்து ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை காத்திருந்தோம். மேல் குழாய் வெகுநேரம் குளிர்ந்தே இருந்தது. பிறகு ஒரே கணத்தில் சூடேறியது.

அடுத்த புதன்கிழமை முள் பாதியில் போய் நின்றது, இறக்கத்திலும் விழவில்லை. திரும்பும் வழியில் பர்லியாறு தாண்டுவதற்குள் அவர் உறங்கிவிட்டார். இரண்டாவது போர்வை பின் இருக்கையில் மடித்தபடியே கிடந்தது.

ஓர் அறிவிப்பு. சனிக்கிழமைகளில் அவரை அழைத்துச் சென்றுவந்த சகோதரர் பணிமாறுதலாகி ஜனவரியில் வெளியூர் செல்கிறார். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய இருவர் முன்வந்தால் மாற்றி மாற்றிச் செல்லலாம். ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். புறப்படும் நேரம் காலை 4.30. கார் நம்முடையதே, ஹீட்டர் வேலை செய்கிறது.