எனது தூரிகை

"சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுதவேண்டும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழி சுவரைக் கூறிற்றேயன்றித் தூரிகையைக் கூறவில்லை. போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் கதை வர்ணங்களால் எழுதப்பட்டிருத்தலைக் காண்போரும், இராமனைக் கண்டு வியப்பரேயன்றி, அவனை எழுதிய கருவி எவ்வகையது என்று வினவுவாரல்லர். யானும் பல்லாண்டுகள் அங்ஙனம் வினவாதிருந்தவனே. வினவ நேர்ந்த வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குச் சித்திரத்தில் ஆசை உண்டாதல் வியப்பன்று. மேற்கே மலையாள நாட்டை மறைத்து நிற்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலை, இடையே 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீரால் இருபோகம் விளையும் நெல்வயல்கள். நாற்றங்காலின் பச்சை வேறு, நட்ட பயிரின் பச்சை வேறு, தென்னந்தோப்பின் பச்சை வேறு. இவற்றை வேறுபடுத்திக் காட்ட முயன்றே என் இளமைப் பருவத்து விடுமுறைகள் கழிந்தன.

என் சித்திரப் பெட்டியில் உள்ள பொருள்கள் மிகச் சிலவே. முதலாவது, இரண்டு பென்சில்கள். பென்சிலினுள் இருப்பதை ஈயம் என்பது உலக வழக்கு. உண்மையில் அது கிராபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டதாகும். 1795-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கோந்தே என்பவர் கண்ட முறை இது. களிமண் மிகுந்தால் கோடு வெளிறி மெலியும். கிராபைட்டு மிகுந்தால் கறுத்துத் தடிக்கும். இரண்டாவது, பன்னிரண்டு வில்லைகள் கொண்ட நீர்வர்ணப் பெட்டி. வர்ணப்பொடியைப் பிசினிற் குழைத்து உலர்த்திய வில்லைகள் அவை. மூன்றாவது, தடித்த டிராயிங் காகிதம். அதனை வாழ்த்து மடலாக மடிக்குமுன் மழுங்கிய முனையால் ஒரு கோடு அழுத்திவிடல் வேண்டும். இன்றேல் மடிப்பு வெடித்து நார் தெரியும். மிகுந்த வர்ணத்தை ஒற்றியெடுக்கப் பஞ்சும் வேண்டும். அதற்குப் போடிச் சந்தையில் மலிந்து கிடக்கும் இலவம்பஞ்சு உதவாது என்பதை ஒரு மடலைக் கெடுத்தே கற்றேன். இலவம்பஞ்சு நீரை உறிஞ்சாது மிதக்கும் இயல்பினது, பருத்தியே உதவும்.

இவை யாவற்றினும் மேலாக யான் போற்றியது ஒரு தூரிகை. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், என் சித்திர ஆசிரியர் தாம் பல்லாண்டு கையாண்ட அதனை ஒரு துணியிற் சுற்றி என் கையில் அளித்தார். அதன் மயிர் நுனியில் கரும்பழுப்பாயும், நடுவில் வெளிர்மஞ்சளாயும், அடியில் மீண்டும் பழுப்பாயும் இருக்கும். நீரில் தோய்த்து உதறினால் ஊசிபோற் கூர்மை பெறும். கொண்ட நீரைச் சிறிது சிறிதாகவே விடும். அடியில் அழுத்தி நுனியில் கையை உயர்த்தினால், ஒரே வீச்சில் ஒரு நெற்றாள் காகிதத்தில் எழுந்து நிற்கும். ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் மடல்களை நண்பருக்கும், பொங்கல் மடல்களை ஊரிலுள்ள உறவினருக்கும் அதனைக்கொண்டே எழுதி அனுப்பிவந்தேன்.

இவ்வாறிருக்க, ஒருநாள் வனத்துறை அலுவலர் ஒருவர் மாணாக்கரிடையே பேசவந்தார். புலியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ கீரியைப் பற்றிப் பேசினார். ஒட்டக மயிர் என்று விற்கப்படும் தூரிகையில் ஒட்டகத்தின் மயிர் இருப்பதில்லை என்றும், அணில், ஆடு முதலியவற்றின் மயிரே உண்டு என்றும் முதலிற் கூறிச் சிரிக்கவைத்தார். பின்னர், உயர்ந்த தூரிகைகள் பல கீரி மயிரால் ஆனவை என்றார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி காக்கப்படும் பிராணி. அதன் மயிரை விற்றலும் வைத்திருத்தலும் குற்றம். எனினும் 2019-ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் நடந்த சோதனையில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தூரிகைகளும், நூறு கிலோவுக்கு மேற்பட்ட கீரி மயிரும் பிடிபட்டன. ஒரு கிலோ மயிருக்கு ஏறத்தாழ ஐம்பது கீரிகள் கொல்லப்படுகின்றன என்றார். மனத்திற் பெருக்கிப் பார்த்தேன், ஐயாயிரம் உயிர்கள்.

இறுதியில் கீரி மயிரை அறியும் வகையையும் சொன்னார்: "நுனி கரும்பழுப்பு, நடு வெளிர்மஞ்சள், அடி பழுப்பு." என் முகம் என்னவாயிற்று என்பதை யான் அறியேன். எலியையும் பாம்பையும் தின்று உழவனுக்கு உதவும் அப்பிராணியை எங்கள் வயல்வரப்புகளில் எத்தனையோ காலைகளிற் கண்டவன் யான். அவ்வாண்டுப் பொங்கல் மடலில், வரப்பின்மேல் தலைதூக்கி நிற்கும் கீரியொன்றை எழுதியிருந்தேன். எழுதியதும் அத்தூரிகை கொண்டே!

அன்றிரவு மனம் பலவாறு வழக்காடியது. 'கீரி இறந்து பல்லாண்டுகள் ஆயின. தூரிகையை விடுவதனால் அது மீளுமோ? ஆசிரியர் அளித்த பரிசு அன்றோ? யார் அறியப்போகிறார்கள்?' இவ்வினாக்களில் முதலிரண்டும் நியாயம்போல் தோன்றின. மூன்றாவது வினா எழுந்தபோதுதான் என் வழக்கின் பொய்ம்மை எனக்கு விளங்கிற்று. மறுவாரம் அவ்வலுவலரைத் தேடிச்சென்று தூரிகையை ஒப்படைத்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, பெற்று வைத்துக்கொண்டார்.

அதன்பின் வாங்கியது நைலான் இழைத் தூரிகை. உண்மையை மறைப்பானேன்? முதல் மாதம் அதனை வெறுத்தேன். அது நீரைக் குறைவாகவே கொள்ளும். பாதி வானம் எழுதுமுன் வறண்டுவிடும். நெற்றாள் எழுதினால் துடைப்பக்குச்சி தோன்றும். நாளடைவில் அதன் இயல்பை அறிந்தேன். வானத்திற்கு அகன்ற தூரிகையும் கோட்டிற்கு மெல்லிய தூரிகையுமாக இரண்டு வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். காகிதத்தை முன்னரே நனைத்துவிட்டால் வர்ணம் தானே பரவும். கழுவ வெந்நீர் ஆகாது, நுனி சுருண்டுவிடும். பழைய வீச்சு இன்னும் கைவரவில்லை; வந்துவிட்டது என்று கூறின் பொய்யாகும்.

எஞ்சியிருந்தது ஆசிரியரிடம் கூறுதல். விடுமுறையில் அவர் இல்லம் சென்று, திண்ணையில் அமர்ந்து, "ஐயா, தாங்கள் தந்த தூரிகை என்னிடம் இல்லை" என்று தொடங்கி யாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு உள்ளே சென்று, அதே மூன்று நிறமுடைய வேறு இரண்டு தூரிகைகளைக் கொணர்ந்து என்முன் வைத்தார். "முப்பது வருஷம் கேட்கத் தோன்றவில்லையே, தம்பி. இவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. அந்த நைலானில் எனக்கும் ஒன்று வாங்கிவா" என்றார்.

நண்பர்காள்! கிறிஸ்மஸும் பொங்கலும் வரும் முன்னர் உங்களிற் பலர் மடல் எழுதத் தூரிகை வாங்குவீர்கள். வாங்குங்கால் மயிரின் நிறத்தைப் பாருங்கள். எதனால் ஆயது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் சொல்லாவிடின் நைலானே வாங்குங்கள். கோடு சிறிது தடிக்கும். அதனால் வாழ்த்துக் குறைவதில்லை.