அடிக்கோடு

இலக்கணமும் இலக்கியமுமே பயிலும் யாம் எக்ஸ் கதிரைப்பற்றி எழுதப் புகுந்தது நண்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். காரணம் எமது ஊராகிய பேரணாம்பட்டே. எந்தையார் அங்குள்ள டேனரி ஒன்றிற் கூலிவேலை செய்தே எம்மைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

தோலைப் பதனிட இடும் குரோமியம் மூன்று வலுவெண் உடையது, அதனாற் பெருந்தீங்கில்லை. அதுவே ஆறு வலுவெண் பெறின் நீரிற் கரைந்து பரவும், புற்றுநோய்க்கும் ஏதுவாகும். பாலாற்றுப் பகுதித் தோற்சாலைகளின் கழிவைப்பற்றி 1996-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்துள்ளது. ஆதலின் மண்ணிலுள்ளது எவ்வகைக் குரோமியம் என்பது எம்மூரார்க்கு வெறும் ஏட்டு வினாவன்று.

குரோமியம் 5989 எலக்ட்ரான் வோல்ட் அளவையொட்டி எக்ஸ் கதிரை மிகுதியாகப் பருகத் தொடங்கும். வரைபடத்தில் அது செங்குத்தான கரைபோல் எழும். ஆறாம் நிலையாயின் அக்கரையின் அடியில், 5993 அளவில், சிறு குன்றொன்று தெளிவாகத் தோன்றும். மூன்றாம் நிலையில் அது மிக நுண்ணியது.

பௌதிக ஆராய்ச்சி செய்யும் எமது பெரியப்பா மகனார், இந்தூரிலுள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் அளந்த கழிவுமண் பதிவொன்றைக் கிறிஸ்து பிறப்பு விடுமுறையிற் கொணர்ந்திருந்தார். கணிப்பொறியில் அடிக்கோடு வரைந்து பின்னணியைக் கழித்தார். குன்று ஏறக்குறைய மறைந்தது. எந்தையார் ஈட்டும் சோற்றிற் பழியில்லை என்று யாம் உளம் மகிழ்ந்தோம். அண்ணனார் மகிழ்ந்திலர். "தம்பி, குன்று இல்லையா, அல்லது நாமே அதை விழுங்கிவிட்டோமா என்று பார்க்கவேண்டும்" என்றார்.

ஆராய்ந்தபோது பிழை வெளிப்பட்டது. அடிக்கோட்டிற்குக் கொண்ட எல்லை குறுகியது. அதன் முடிவு குன்றின்மேலேயே ஏறி நின்றது. எனவே குன்றும் பின்னணியாக எண்ணிக் கழிக்கப்பட்டது. எல்லையை நீட்டி, கரைக்கு முப்பது எலக்ட்ரான் வோல்ட் முன்னரே முடித்தவுடன் குன்று மீண்டும் எழுந்தது.

அடுத்து, நிலை தெரிந்த இரு பொருள்களின் வரைகளைக் கலந்து பொருத்தினார். பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றாகவில்லை. கரைக்கு அப்பாற்பட்ட கோடும் வளைந்திருந்ததே காரணம், அதனையும் திருத்தினார். மூன்று பதிவுகளையும் ஒரே முறையிற் கழித்த பின்னரே கணக்கு நேராயிற்று. "இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்தாற் கோடு மேலும் அழகாகப் பொருந்துமே?" என்றோம். "சேர்த்துக்கொண்டே போனால் எதுவும் எதனோடும் பொருந்தும், மண்ணில் உண்டென்று கருதக் காரணம் உள்ளதையே சேர்க்கலாம்" என்றார்.

முடிவில், ஆறாம் நிலைக் குரோமியம் சிறிதளவேனும் உண்டு என்பது தெளிவாயிற்று. எந்தையாரிடம் சொல்ல யாம் நெடுநேரம் தயங்கினோம். கேட்டவர் சற்றே பேசாதிருந்தார். பின்பு, "நம் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கச் சொல்" என்றார்.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி பெரும்பாலும் இராது. பதிப்பாசிரியர் தாம் விரும்பும் பொருளுக்கேற்பப் புள்ளியிட்டால் நூலே திரிந்துவிடும் என்று வகுப்பிற் கற்றோம். கற்றதன் பொருளை அன்றே உணர்ந்தோம். பொய்யுரைக்க வேண்டுவதில்லை, விரும்பிய இடத்தில் ஒரு கோட்டை வரைந்தாலே போதும். எம் விருப்பம் அக்கோட்டைக் கண்டு மகிழ்ந்ததை எண்ணி இன்றும் நாணுகிறோம்.